இரண்டு பக்கமும் பூட்டும் ரெயில்

புளியறை
2 ஜூன் 2025

இசக்கிமணி அவர்களுக்கு,

நான் லோகநாயகி. ஜீப் டிரைவர் சுந்தரபாண்டியன் வீட்டுக்காரி. இதை உங்களுக்கு யார் வாசித்துக் காட்டுகிறார்களோ அவரை இந்த வரியோடு நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் உங்கள் பட்டறை வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியவள் நான். நான் அதை மறக்கவில்லை. நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் ஞாபகசக்தியைப் பற்றி அவர் கதை கதையாகச் சொல்வார்.

சமாதானத்துக்காக எழுதவில்லை. ஒரு விவரம் வேண்டும். போனில் கேட்கலாம், நம்பர்கூடக் கிடைத்துவிட்டது. உங்கள் குரலைக் கேட்க மனசு வரவில்லை, அதனால்தான் கடிதம்.

என் மகன் சுபாஷ் பெங்களூரில் வேலையாக இருக்கிறான். ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாகப் பார்த்து வாங்கியிருக்கிறான். இரண்டே பேர்தான் உட்காரலாம், தரையோடு தரையாக இருக்கிறது. இவன் ஆறடி இரண்டு அங்குலம். தலை கூரையில் இடிக்கிறதாம். அதனால் கம்பெனி சீட்டைக் கழற்றிவிட்டு, பள்ளமாக உட்காருகிற வேறு சீட் போடப்போகிறான். சீட்டைத் தரையோடு பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நகர விடுகிற இரும்பு இருக்கிறதே, ரெயில் என்கிறார்கள், அதுவும் புதிதாக வாங்க வேண்டுமாம். எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று போனில் ஒன்று விற்கிறது, நாலு நாளில் வந்துவிடும். அந்த வண்டிக்கென்றே செய்தது இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து வர ஒரு மாசம் ஆகும். இதற்கு நடுவில் கேரேஜில் ஒருவன், "எதுக்கு சார் வாங்கணும், நானே வெல்டு வச்சுத் தாரேன்" என்றானாம். சுபாஷ் இதைச் சொன்னபோது என் கையிலிருந்த கரண்டி சாம்பாருக்குள் விழுந்துவிட்டது.

ஆடி மாசம் அவருடைய மூன்றாவது வருஷத் திதி. அந்தக் காரிலேயே வருவேன் என்கிறான். நான் சொன்னால், "எல்லாரும் போடுறதுதாம்மா, நீ சும்மா பயப்படுதே" என்கிறான்.

அன்றைக்கு லாரியில் மோதியபோது ஜீப் ஒன்றும் அப்படி நசுங்கிவிடவில்லை. நீங்கள் செய்த சீட்தான் பிய்த்துக்கொண்டு போய் அவரை ஸ்டியரிங்கில் அடித்தது. இடுப்பு போயிற்று. அப்புறம் அவர் வண்டியே ஓட்டவில்லை. நான் சமைக்கிற மெஸ்ஸில் கல்லாவில் உட்கார்ந்தே மிச்சக் காலத்தைக் கழித்தார். ஒரு சீட் எங்கே பிடி விடும் என்று உங்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? என் மகன் எதன்மேல் உட்கார வேண்டும், சொல்லுங்கள். அதற்குமேல் உங்களிடம் எனக்கு வேலை இல்லை.

லோகநாயகி


மேலகரம்
7 ஜூன் 2025

லோகநாயகிக்கு இசக்கிமணி எழுதச் சொன்னது.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிற ஜெபமலர்தான் வாசிக்கிறாள், எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் அசிங்கமாம்; அவளே நறுக்கி மடித்துத் தைத்துக்கொள்கிறாள்.

கவரைப் பிரித்ததும், "மொதல்ல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

"'இசக்கிமணி அவர்களுக்கு'ன்னு போட்டிருக்கு."

உங்கள் வாயால் நான் எப்போதும் அண்ணாச்சி. சரி, மேலே வாசி என்றேன். நிறுத்தச் சொல்லவில்லை.

தொண்ணூற்று மூன்று, ஜூலை இருபது, ஆடிச் செவ்வாய். மெயின் அருவியில் பாதுகாப்பு ஆர்ச்சையும் தாண்டித் தண்ணீர் விழுந்தது, குளிக்க விடவில்லை. சுந்தரபாண்டி ஆரியங்காவில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தான். புளியறை வளைவில் மரத்தடி ஏற்றின லாரி ஒன்று நின்றது. அப்போது மணி நாலேகால். எனக்குத் தகவல் ஆறு மணிக்கு வந்தது. நீங்கள் மறுநாள் பத்தரைக்கு வந்தீர்கள். பச்சைச் சேலை, இடது காலில் செருப்பு இல்லை. அந்த மண்ணை நான் கூட்டித் தள்ளவில்லை. மழைதான் அடித்துக்கொண்டு போயிற்று. அன்றோடு சீட் வேலையை விட்டேன். பிறகெல்லாம் கேட், கிரில், மாட்டுக் கொட்டகைத் தூண்.

இப்போது மகன் விஷயம். வெல்டு வேண்டவே வேண்டாம். கேரேஜ்காரனும் வேண்டாம், நானும் வேண்டாம். அன்றைக்கு அந்த சீட்டுக்கு நான் வைத்த சோதனை என்ன தெரியுமா? அதன்மேல் ஏறி மூன்று தடவை குதித்தேன். தாங்கியது, கொடுத்துவிட்டேன். மனுஷன் குதிக்கிறது வேறு, ஓடுகிற வண்டி சட்டென்று நிற்கையில் சீட்டை இழுக்கிற இழுப்பு வேறு. அதற்கு மிஷினில் மாட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தவன் அதற்குத் தாள் வைத்திருப்பான்.

மகனிடம் இதையெல்லாம் கேட்டு எழுதுங்கள். ரெயிலில் இருக்கிற ஓட்டை, கம்பெனிக்காரன் தரையில் வைத்த ஓட்டைக்கு நேராக வந்து உட்காருகிறதா, இல்லை புதிதாகத் துளை போட வேண்டுமா? சீட்டை நகர்த்தி விட்டால் 'டக்' என்று பிடிக்கிற பூட்டு ஒரு பக்கம் மட்டுமா, இரண்டு பக்கமுமா? பெல்ட்டைச் சொருகுகிற பக்கிளை எதில் பூட்டப்போகிறான்? இழுத்துப் பார்த்த தாள் இருக்கிறதா? நாலுக்கும் பதில் இல்லாமல் ஒரு ஆணிகூட வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இசக்கிமணி

(மேலே 'தங்கச்சி லோகநாயகிக்கு' என்று போடச் சொன்னார். எழுதினதும் அடிக்கச் சொன்னார். அதனால் வேறு தாளில் எழுதியிருக்கிறேன். — ஜெபமலர்)


புளியறை
15 ஜூன் 2025

இசக்கிமணி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, போனில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். "ஏம்மா, லாக் ஒரு பக்கமா ரெண்டு பக்கமான்னு ஒனக்கு யாரு சொல்லித்தாரா?" என்று சிரித்தான். மெஸ்ஸுக்கு வருகிற லாரிக்காரர் ஒருத்தர் என்று பொய் சொன்னேன். "அவருக்கு நம்ம வண்டியில என்ன அக்கறை?" என்றான். "என் சாம்பார்மேல அக்கறைலே, பதிலச் சொல்லு" என்றேன்.

அந்த நாலு நாள் ரெயிலுக்குப் பூட்டு ஒரு பக்கம்தான். ஓட்டையும் நேராக வரவில்லை. அதற்கு கேரேஜ்காரன் வழி சொன்னானாம்: தரைக்கும் ரெயிலுக்கும் நடுவில் இரண்டு அங்குல இரும்புக் குழாய்த் துண்டு, அதற்கு ஏற்ற மாதிரி நீளமான போல்ட்டு. பக்கிளுக்கு அதில் இடமே இல்லை, தனியாக ஒரு பட்டையை வளைத்துப் பூட்டிக்கொள்ளலாமாம். தாள் கீள் ஒன்றும் கிடையாது. அந்த வண்டிக்கென்றே வருகிற ரெயிலில் எல்லாம் இருக்கிறது. இரண்டு பக்கமும் பூட்டு, பக்கிளுக்கு இடம், இழுத்துப் பார்த்த தாள், எல்லாம். ஆனால் கனமாம், ஒரு மாசமாம். "அவ்வளவு நாளா வண்டிய சும்மா நிறுத்தி வைக்கச் சொல்லுதியா?" என்று எரிந்து விழுகிறான்.

நீங்கள் இவ்வளவு விவரமாகக் கேட்டதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. இவ்வளவும் தெரிந்த மனுஷன் அன்றைக்கு என்ன செய்தார் என்று.

இதை எழுதுகிற இடத்துக்கு எதிரே அந்த சீட்தான் கிடக்கிறது. ஜீப்பை எடைக்குப் போட்டபோது அவர் அதை மட்டும் கழற்றி வாங்கி, பெஞ்சு ஒன்றில் பூட்டிக் கல்லாவில் போட்டுக்கொண்டார். இருபத்தொன்பது வருஷம் அதில்தான் உட்கார்ந்தார். அதைத் துடைக்கிறபோதெல்லாம் உங்களைத் திட்டுவேன். "விடுட்டி, அவன் என்ன செய்வான்" என்பார். அப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் இந்தக் கதி.

லோகநாயகி


மேலகரம்
20 ஜூன் 2025

லோகநாயகிக்கு,

அந்த நாலு நாள் ரெயில் வேண்டாம். ஏன் என்று மகன் கேட்பான், அதனால் சொல்கிறேன்.

பூட்டு ஒரு பக்கம் மட்டும் இருந்தால், இழுப்பு வருகிறபோது அந்தக் கால் நிற்கும், மற்றக் கால் ஓடப் பார்க்கும். சீட் திருகிக்கொள்ளும். திருகின சீட்டில் பெல்ட் இடுப்பில் நிற்காது, வயிற்றுக்கு ஏறிவிடும். பக்கிளை வளைத்த பட்டையில் மாட்டுகிறது அதைவிட மோசம். பெல்ட்டுக்கு வருகிற பாரம் முழுக்க அந்தப் பட்டையில் வந்து விழும். குழாய்த் துண்டுதான் எல்லாவற்றிலும் மோசம். போல்ட்டு என்றால் இரும்பை இரும்போடு இறுக்கிப் பிடிக்க வேண்டும். இரண்டு அங்குலம் தூக்கிவிட்டால் அது பிடிக்கிறதில்லை, வெறுமனே நிற்கிறது. நிற்கிற போல்ட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் வளையும். வளைந்தால் தலை பிடுங்கிக்கொண்டு வரும். ஒரு மாசம் ஆனால் ஆகட்டும். அதுவரைக்கும் பழைய கம்பெனி சீட்டில், தலையை இடித்துக்கொண்டே ஓட்டட்டும்.

இன்னொன்று கேட்க வேண்டும். மூன்று நாளாக ஜெபமலரைக் கூப்பிடுகிறேன், அவள் பேனாவை எடுத்ததும் வேறு பேச்சுப் பேசி அனுப்பிவிடுகிறேன்.

அந்த சீட்டைப் பெஞ்சில் பூட்டுமுன் சுந்தரபாண்டி யாரிடமாவது கொடுத்து வெல்டு வைத்தானா?

கேட்கிற காரணம் இதுதான். வெல்டு விட்டுப்போன சீட்டில் ஒருவன் இருபத்தொன்பது வருஷம் உட்கார முடியாது. இருபத்தொன்பது நாள்கூட முடியாது. அன்றைக்குத் தகவல் சொல்லப் பட்டறைக்கு ஓடி வந்த ஆள், "அண்ணாச்சி, சீட்டு பிய்ஞ்சிட்டு" என்றான். என் வெல்டுதான் விட்டது என்று நானே எடுத்துக்கொண்டேன். போலீஸ் ஸ்டேஷனில் ஜீப் இரண்டு மாசம் நின்றது, போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அதைப் புரட்டிப் பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

என் வெல்டு முடிகிற இடத்தில் ஒரு சொட்டு வைத்து விடுவேன், மிளகு அளவுக்கு. அந்த சீட்டில் எட்டு இருக்க வேண்டும். பார்க்க இஷ்டம் இல்லையென்றால் வேண்டாம்.

இசக்கிமணி


புளியறை
24 ஜூன் 2025

இசக்கிமணி அவர்களுக்கு,

ஆக, கடைசியில் கைகழுவத்தான் பார்க்கிறீர்கள். செத்த மனுஷன் உட்கார்ந்த சீட்டைப் புரட்டி உங்களுக்குச் சாட்சி தேட வேண்டும், அதுவும் நான். மாட்டேன்.

உங்கள் யோசனைக்கு என்ன பலன் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். நான் வாசித்ததையெல்லாம் 'உம், உம்' என்று கேட்டுவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை அந்த நாலு நாள் ரெயிலையே பூட்டிவிட்டான். குழாய்த் துண்டும் வைத்தாயிற்று. போட்டோ அனுப்பி, "பாரும்மா, தல இடிக்கல" என்கிறான். "லாரிக்கார மாமாட்ட சொல்லிரு, கல்லு மாதிரி நிக்கி" என்றான். உங்கள் சீட்டைப் பற்றி அன்றைக்கு அவரும் கல்லு மாதிரி என்றுதான் சொன்னார்.

லோகநாயகி


புளியறை
2 ஜூலை 2025

எப்படிக் கூப்பிட்டு ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் மேலே ஒன்றும் போடவில்லை. உங்கள் பதில் வருமுன்னே இதை எழுதுகிறேன்.

மகன் அனுப்பின போட்டோவை நாலு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழாய்த் துண்டு என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த லாரிக்காரர் ஒருத்தரிடம் ஸ்பேனர் கேட்டேன். அவரே பெஞ்சிலிருந்து சீட்டைக் கழற்றிப் புரட்டிப் போட்டார்.

எட்டுச் சொட்டும் இருக்கிறது. விரலால் தடவித் தடவி எண்ணினேன். ஒரு வெல்டுகூட விடவில்லை. ஒரு கீறல்கூட இல்லை.

பெஞ்சுக்கு அவர் முன் ஓட்டையில் புதுப் போல்ட்டுப் போட்டிருக்கிறார். பின்னால் பழைய போல்ட்டு இரண்டும் துருவேறி அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. என் விரலைவிட நீளம். இரண்டும் வில்லாக வளைந்திருக்கின்றன. ஒன்றில் மரத்துண்டு ஒன்று நசுங்கிச் சொருகி நிற்கிறது. லாரிக்காரர், "யாரு ஆச்சி இதுக்கடியில கட்டைய வச்சா? உசரத்துக்கு வச்சிருக்கான்" என்றார்.

துடைத்துப் பார்த்தேன். நீலப் பெயின்ட். அதில் வெள்ளையில் 'வாட' என்று இருக்கிறது.

அது என் பலகை. அப்போது நான் அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்குத் துண்டு வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன், ஞாபகம் இருக்கும். 'துண்டு வாடகைக்கு' என்று நீலத்தின்மேல் வெள்ளையில் எழுதிய பலகை ஒன்று கடையில் தொங்கும். அந்த ஆனி மாசம் அது காணாமல் போயிற்று. "காத்துல போயிட்டுட்டி" என்றார். அதே ஆனி மாசத்தில்தான் நான் தினமும் நச்சரித்தேன்: ஈரத்துண்டு மூட்டையை வைக்க ஜீப்பில் இடமே இல்லை, சவாரிக்காரர்கள் காலடியில் போட்டால் திட்டுகிறார்கள், உங்கள் சீட்டுக்கு அடியில் கொஞ்சம் இடம் பண்ணித் தாருங்கள் என்று. மறுவாரமே பண்ணிக் கொடுத்துவிட்டார். நான் கேட்டதும் செய்துவிட்டாரே என்று சந்தோஷப்பட்டேன். எப்படிச் செய்தார் என்று கேட்கவில்லை.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த சீட்டை அவரேதானே கழற்றி வாங்கினார். வளைந்த போல்ட்டையும் என் பலகையையும் பார்க்காமலா பெஞ்சில் பூட்டியிருப்பார்? 'அவன் என்ன செய்வான்' என்று அவர் சொன்னபோதெல்லாம் உங்களை மன்னித்துச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்கு ராத்திரியே எல்லாவற்றையும் போட்டோ எடுத்து சுபாஷுக்கு அனுப்பி, 'ஒங்கப்பா வச்ச குழாய்த் துண்டு இது' என்று எழுதினேன். காலையில் கூப்பிட்டான். குரல் அடங்கிப்போயிருந்தது. "அம்மா, வண்டிய எடுக்கல. எல்லாத்தையும் கழத்திட்டேன். அந்த இன்னொரு ரெயிலுக்குச் சொல்லிட்டேன். திதிக்குள்ள வரலைன்னா பஸ்ல வாரேன்" என்றான். பிறகு, "அந்த லாரிக்கார மாமா யாரும்மா?" என்றான். சொல்லிவிட்டேன்.

உங்களிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மண்ணைத் தூற்றுகிறதற்கு வார்த்தை வேண்டியிருக்கவில்லை. இதற்கு வேண்டியிருக்கிறது.

லோகநாயகி


மேலகரம்
8 ஜூலை 2025

தங்கச்சி லோகநாயகிக்கு,

இந்தத் தடவை அடிக்கச் சொல்லவில்லை.

ஜெபமலர் 'எட்டுச் சொட்டும் இருக்கிறது' என்று வாசித்ததும், அந்த வரியை இன்னொரு தரம் வாசி என்றேன். வாசித்தாள். மூன்றாம் தரமும் கேட்டேன். "அண்ணாச்சி, எனக்கு ரெண்டு பிளவுஸ் இருக்கு" என்று முறைத்தாள். ஆனாலும் வாசித்தாள். பிறகு எழுந்து போய் மோட்டாரைப் போட்டு, குழாயடியில் நின்று தலையோடு குளித்துவிட்டு வந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அன்றைக்குச் சாப்பாடு கூடுதலாக இறங்கியது. புளியறை வழியாகப் போக வேண்டுமே என்று எத்தனை கல்யாணத்துக்குப் போகாமல் இருந்திருக்கிறேன். பதினாலு. எண்ணி வைத்திருக்கிறேன்.

இதுவரைக்கும் சொன்னது சந்தோஷம். இனிமேல் சொல்லப்போவதையும் நீ கேட்க வேண்டும்.

தொண்ணூற்று மூன்று ஜூலை பத்து, சனிக்கிழமை. மேலகரத்திலிருந்து தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு அவன் ஜீப்பில் போனேன். அவன் தலை கித்தான் கூரையை முட்டுகிற மாதிரி இருந்தது. "என்ன மாப்ளே, சிம்மாசனம் ஏறிட்டியா?" என்றேன். "ஒந் தங்கச்சி துண்டு மூட்டைக்கு எடம் கேக்கால்லா" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். சீட் செய்தவன் நான். இறங்கினதும் குனிந்து ஒரு தரம் அடியில் பார்த்திருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டேன். இது எனக்கு மறக்கவே இல்லை. ஆனால் 'பிய்ஞ்சிட்டு' என்ற ஒரு சொல்லைக் கேட்டதும், வெல்டு வெல்டு என்றே முப்பத்திரண்டு வருஷம் இருந்துவிட்டேன். எல்லாம் ஞாபகம் இருந்து என்ன செய்ய? இதையும் அதையும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லையே. என் வெல்டு தாங்கியது. நான் குனிந்து பார்க்கவில்லை. இரண்டும் நிஜம்.

சுந்தரபாண்டியைத் திட்டாதே. அவன் ஏன் சொல்லவில்லை என்று இரண்டு நாள் யோசித்தேன். 'கட்டை வச்சேன்' என்று சொன்னால், அடுத்த கேள்வி 'எதுக்கு வச்சே' என்று வரும். பதில் துண்டு மூட்டை. துண்டு மூட்டை நீ. இடுப்பு போனவன் பக்கத்தில் உட்கார்ந்து நீ உன்னையே திட்டிக்கொண்டிருப்பதைவிட, பக்கத்து ஊர்க்காரனைத் திட்டிக்கொண்டிருக்கட்டும் என்று நினைத்துவிட்டான். என்னிடமாவது வந்து காதில் சொல்லியிருக்கலாம், கள்ளப்பயல். (இதற்குப் பிறகு அண்ணாச்சி சொன்ன இரண்டு வார்த்தையை நான் எழுதவில்லை. — ஜெபமலர்)

ரெயில் வந்ததும் மகன் செய்ய வேண்டியது: கூட வருகிற போல்ட்டைத்தான் போட வேண்டும், பழசு கூடாது. நடுவில் வாஷர் அடுக்கி உயரம் பண்ணக் கூடாது. நாலையும் பாதி பாதியாக முடுக்கிவிட்டு, சீட்டை முன்னும் பின்னும் தள்ளி இரண்டு பூட்டும் ஒரே நேரத்தில் 'டக்' என்று விழுகிறதா கேட்க வேண்டும். விழுந்தால்தான் முழுக்க இறுக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி ஒரு தரம் முடுக்க வேண்டும். வருகிற வழியில்தான் மேலகரம். நிறுத்திக் காட்டச் சொல்.

இசக்கிமணி


மேலகரம்
5 ஆகஸ்ட் 2025
சுபாஷ் கையில் கொடுத்தது

தங்கச்சிக்கு,

மகன் வந்து சேர்ந்தான். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட்டால் அவனும் வந்துவிட்டான் என்று அர்த்தம். முதலில் மூச்சு விடு.

வண்டி தெருவுக்குள் வந்ததும் ஜெபமலர் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டோடு வெளியே வந்துவிட்டாள். அவன் இறங்கவில்லை, கழன்று வந்தான், அவ்வளவு பள்ளம். "மாமா, நாந்தான் லாரிக்காரங்கிட்ட பாடம் கேட்டவன்" என்று சிரித்தான். அப்பன் சிரிப்பு. முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளிகூட அதே.

நான் சாக்கை விரித்துப் படுத்தேன். எழுபத்தாறு வயதில் ஒருத்தன் தெருவில் படுத்துக் கிடக்கிறதைப் பார்த்துக் கூட்டம் கூடிவிட்டது. கையை உள்ளே விட்டுத் தடவினேன். ரெயில் தரையோடு அப்பி உட்கார்ந்திருக்கிறது. நடுவில் என் நகம்கூடப் போகவில்லை. சீட்டைத் தள்ளச் சொன்னேன். இரண்டு பக்கமும் ஒரே 'டக்'. என் மந்தக் காதிலேயே விழுந்தது. பக்கிள் ரெயிலிலேயே அதற்கு வைத்த இடத்தில் பூட்டியிருக்கிறது. தாளையும் காட்டினான், ஜெபமலர் தமிழில் சொன்னாள், எத்தனை பாரத்துக்கு இழுத்தார்கள் என்று. நான் மூன்று தரம் குதித்ததை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. நாலு போல்ட்டிலும் ஸ்பேனர் வைத்துப் பார்த்தேன். ஒன்று மட்டும் கால் சுற்று போயிற்று. முடுக்கிவிட்டேன்.

இன்னொன்றை அவன் உன்னிடம் சொல்லப் பயப்படுகிறான், நான் சொல்லி விடுகிறேன். வாசுதேவநல்லூர் தாண்டி, முன்னால் போன வேன் ஆடு குறுக்கே வந்ததென்று அப்படியே நின்றிருக்கிறது. இவன் பிரேக்கை மிதித்த மிதியில் பக்கத்து சீட்டில் இருந்த பையும் திதிக்கு வாங்கின பழமும் கண்ணாடியில் போய் அடித்திருக்கின்றன. வேனுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம்தான் மிச்சம். "சீட்டு அசையல மாமா. ஒரு நூல்கூட அசையல" என்று சொல்லிச் சீட்டைத் தட்டிக் காட்டினான். ஆட்டுக்கும் ஒன்றும் இல்லை.

பழம் நசுங்கிவிட்டது. ஜெபமலர் வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறாள், திட்டாதே.

இசக்கிமணி


புளியறை
6 ஆகஸ்ட் 2025
சுபாஷ் கையில் கொடுத்தது

அண்ணாச்சிக்கு,

நேற்று அவன் செக்போஸ்டைத் தாண்டி மெஸ் வாசலில் வந்து நின்றதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் எல்லாரும் எச்சில் கையோடு எழுந்துபோய் வண்டியைச் சுற்றிக்கொண்டார்கள். நான் வண்டியைப் பார்க்கவில்லை. அவன் கதவைத் திறந்து ஒவ்வொரு காலாக வெளியே வைக்கிறதைத்தான் பார்த்தேன். இரண்டு காலும் தரையில் ஊன்றினதும் உட்கார்ந்துவிட்டேன். வேன் கதையை வாசித்துவிட்டு இரண்டு அடி கொடுத்தேன். அப்புறம் மூன்று தோசை கொடுத்தேன்.

திதி நல்லபடியாக முடிந்தது. அவர் படத்துக்கு முன்னால் அந்த நீலக் கட்டையையும் வைத்தேன். கொஞ்ச நேரம் கோபப்பட்டேன், கொஞ்ச நேரம் அழுதேன், பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். உங்களிடம் சொல்ல வேண்டிய வார்த்தையை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். கிடைக்கிறவரைக்கும் சோறு போடுகிறேன்.

கல்லா சீட்டை மறுபடி பெஞ்சில் பூட்டியாயிற்று. மூன்று வருஷமாக அதில் யாரையும் உட்கார விடவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட வாருங்கள். சுபாஷ் வந்து கூட்டிக்கொண்டு வருவான். நீங்கள் அதில் உட்கார வேண்டும். ஜெபமலரும் வரட்டும் என்று எழுதத்தான் ஆசை, அந்த வண்டியில் இரண்டு பேர்தான் போகலாம். அவளுக்குப் பஸ்தான்.

லோகநாயகி


மேலகரம்
7 ஆகஸ்ட் 2025
சுபாஷ் கையில் கொடுத்தது

தங்கச்சிக்கு,

கடிதம் வந்ததும் வழக்கம்போல, "மொதல்ல என்ன போட்டிருக்கு?" என்றேன். ஜெபமலர் தாளை என் முன்னால் வைத்து, அந்த ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தாள். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் அது இருக்கிற இடமும் அதன் நீளமும் இப்போது தெரியும். தாளைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். புளியறை வளைவில் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக விடச் சொல்லியிருக்கிறேன், பார்க்க வேண்டும். கல்லா சீட்டில் உட்காருகிறேன். அதைப் பெஞ்சில் பூட்டினது யார் என்று நீ எழுதவில்லை. எந்த லாரிக்காரன் முடுக்கினானோ. உட்காருமுன் நான் ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.

ஸ்பேனர் நானே கொண்டு வருகிறேன்.

இசக்கிமணி